பாதி டாங்க் என்று சொல்வது எந்த முள்?

ஜூன் 1ஆம் தேதி அட்லாண்டிக் புயற்பருவம் தொடங்குகிறது. நவம்பர் 30 வரை நீடிக்கும். ஹூஸ்டனிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் வசிக்கும் வாசகர்கள் எழுதியுள்ள கடிதங்களில், காற்றையும் மழையையும் பற்றிய கேள்விகளோடு, மலிவாகக் கிடைத்ததென்றோ மண்ணும் மரமும் ஏற்றச் சௌகரியமென்றோ வாங்கி வைத்திருக்கும் பழைய ஃபோர்டு பிக்கப் வண்டிகளின் பெட்ரோல் முள்ளைப் பற்றிய கேள்விகளும் கலந்திருப்பது முதற்பார்வைக்கு விசித்திரமாகத் தோன்றலாம். ஆயினும் அது காரணமற்ற கவலை அல்ல. புயற்பருவம் முழுவதும் டாங்க் பாதிக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அரசாங்க அறிவிப்புகள் ஆண்டுதோறும் உபதேசிக்கின்றன. நல்ல உபதேசம்தான். ஆனால் பாதி என்பதை எதைப் பிரமாணமாகக் கொண்டு அறிவது என்பதை அந்த அறிவிப்புகள் சொல்வதில்லை. முள் பாதியில் நின்றால் பெட்ரோலும் பாதி இருக்கிறது என்று அவை தாமாகவே எண்ணிக்கொள்கின்றன. நாற்பது வயதைக் கடந்த ஒரு வண்டியில் இந்த எண்ணத்துக்கு ஆதாரம் மிகச் சொற்பம்.

2005ஆம் ஆண்டு செப்டம்பரில் ரீட்டா புயலுக்கு அஞ்சி இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் ஹூஸ்டன் வட்டாரத்தை விட்டு ஒரே சமயத்தில் புறப்பட்டபோது, நூறு மைல் தூரத்துக்கு வாகனங்கள் நகராமல் நின்றன. எஞ்சின் ஓடிக்கொண்டேயிருக்க, சக்கரம் மட்டும் அசையாத அந்த நெரிசலில் பெட்ரோல் தீர்ந்துபோன வண்டிகள் சாலையோரமெங்கும் கைவிடப்பட்டுக் கிடந்தன. 2024 ஜூலையில் பெரில் புயல் அடித்து, இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளிலும் கடைகளிலும் மின்சாரம் அற்றுப்போன பிறகு, பங்குகளில் பெட்ரோல் இருந்தும் அதை இறைத்துத் தர மின்சாரமில்லாத நிலையைப் பலரும் நேரில் கண்டார்கள். எனவே டாங்கில் உள்ளது எவ்வளவு என்பது இங்கே சிக்கனத்தைப் பற்றிய கேள்வி மட்டுமல்ல.

இதற்கிடையே, டெக்சாஸ் மாநிலம் 2025 ஜனவரி 1 முதல் சொந்த வாகனங்களுக்கான வருடாந்தரப் பாதுகாப்புப் பரிசோதனையை ரத்து செய்துவிட்டது. பரிசோதனை போயிற்று, அதன் இடத்தில் ஏழரை டாலர் கட்டணம் மட்டும் தங்கியது. வண்டி உரிமையாளருக்கு இது சௌகரியம் என்று சொல்லப்பட்டது. பழைய வண்டிகளைப் பொறுத்தவரையில் இதன் உண்மையான அர்த்தம், அதை வைத்திருப்பவரைத் தவிர வேறு எவரும் இனி அதைப் பார்க்கப்போவதில்லை என்பதே. ஆகவே பார்க்க வேண்டியதை நாமே பார்த்துக்கொள்வோம்.

மிதவை எழுந்து தாழ்வதும், அதற்கேற்ப முள் நகர்வதும் வாசகர்கள் அறிந்ததே. 1986 வரை வந்த ஃபோர்டு பிக்கப்களில் டாங்கினுள் அந்த மிதவையோடு இணைந்திருக்கும் டாங்க் யூனிட்டின் மின்தடை, டாங்க் காலியாக இருக்கையில் சுமார் 73 ஓம் என்றும், நிரம்பியிருக்கையில் சுமார் 10 ஓம் என்றும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். தடை குறைந்தால் மின்னோட்டம் கூடும். கூடினால் முள் உயரும். இதைவிட நம் கவனத்துக்குரியது, டேஷ்போர்டின் உள்ளே, மீட்டர்த் தொகுதியின் பின்புறத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் தீப்பெட்டியிலும் சிறிய ஓர் உபகரணம். வோல்டேஜ் ரெகுலேட்டர் என்று அதற்குப் பெயர். ஆல்டர்னேட்டரைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் வேறு, இது வேறு.

பாட்டரியின் வோல்டேஜ் ஒரே நிலையில் நிற்பதில்லை. வண்டி நிற்கையில் 12, ஓடுகையில் 14, விளக்கும் விசிறியும் சேர்ந்து இழுக்கையில் அதற்கும் கீழே என்று அது மாறிக்கொண்டேயிருக்கும். முள்ளும் அதனோடு சேர்ந்து மாறினால் மீட்டரால் பிரயோஜனமில்லை. இந்தச் சங்கடத்தை அக்காலத்து எஞ்சினியர்கள் டிரான்சிஸ்டரோ வேறு நுண்கருவியோ இல்லாமல், வெறும் உஷ்ணத்தைக் கொண்டே தீர்த்துவைத்தார்கள். இருவேறு உலோகங்களை ஒட்டிச் செய்த மெல்லிய தகடு ஒன்று. அதன்மேல் சுற்றிய மயிரிழைக் கம்பி. நுனியில் ஒரு தொடுமுனை. மின்சாரம் பாயும்போது கம்பி சூடேறுகிறது, தகடு வளைகிறது, தொடுமுனை விலகி மின்சாரம் அறுபடுகிறது. அறுபட்டதும் தகடு ஆறி நிமிர்கிறது, தொடுமுனை மறுபடியும் சேர்கிறது. வீட்டு இஸ்திரிப் பெட்டி தானாக அணைந்து தானாக எரிவதும் இதே தத்துவத்தால்தான். பாட்டரியின் வோல்டேஜ் உயர்ந்தால் கம்பி விரைவில் சூடேறி, தொடுமுனை சீக்கிரமே விலகிவிடும்; தாழ்ந்தால் சற்று நேரம் சேர்ந்தே நிற்கும். ஆகையால் வெட்டி வெட்டி வரும் அந்த மின்சாரத்தின் சராசரி, பாட்டரி எப்படியிருந்தாலும், ஏறக்குறைய 5 வோல்ட் அளவிலேயே நிலைத்துவிடுகிறது.

இதில் அழகான விஷயம் ஒன்று உண்டு. மீட்டருக்கு வருவது உண்மையில் எந்தக் கணத்திலும் 5 வோல்ட் அல்ல. ஒரு கணம் முழு 12, மறு கணம் சூனியம். ஆனால் பெட்ரோல் மீட்டரும் அதே வகை ஈருலோகத் தகட்டைச் சூடேற்றித்தான் முள்ளை நகர்த்துகிறது. அந்தத் தகடு மந்தமாகச் சூடேறி மந்தமாக ஆறுவது. விநாடிக்கு விநாடி வரும் வெட்டுகளை அது கவனிப்பதேயில்லை, சராசரியை மட்டுமே உணர்கிறது. சாவியைத் திருப்பியதும் இந்த வண்டிகளில் முள் துள்ளி எழாமல், நிதானமாக, சுமார் அரை நிமிஷம் எடுத்துக்கொண்டு ஏறி நிற்பதும், வளைவில் திரும்பும்போது டாங்கில் பெட்ரோல் அலைந்தாலும் முள் அலையாமலிருப்பதும் இந்த மந்தத்தின் பயனே. மலிவான பொருள்கள் இரண்டு, ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்யும்படி சேர்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. இவ்வளவு எளிய சாதனத்தால் இவ்வளவு திருத்தமான காரியம் நடப்பதைக் கண்டு உள்ளபடியே மகிழ்கிறேன்.

ஆனால் அச்சம் தருவதும் இதுவே. தொடுமுனை கரிந்து விலகியபடியே நின்றுவிட்டால் முட்கள் எல்லாம் செத்து விழும். அதனால் கேடில்லை, ஏதோ பழுது என்று எவருக்கும் விளங்கும். டாங்க் யூனிட்டின் வயர் அறுந்தாலும் அப்படியே, முள் காலியைக் காட்டும், நாமும் பங்கைத் தேடி ஓடுவோம். தொடுமுனைகள் பற்றிக்கொண்டு விலகாமல் போனாலோ, மீட்டருக்கு இடைவிடாமல் 12 வோல்ட் பாய்ந்து, முள் உள்ளதற்கு மேலாகக் காட்டத் தொடங்கும். கணக்கிட்டுப் பார்த்தால், வறண்டுபோன டாங்கை வைத்துக்கொண்டு முள் பாதியளவில் நிற்கக்கூடும். அரசாங்கம் போதும் என்று சொன்ன அதே பாதி! இதற்குத் தொடுமுனை பற்றிக்கொள்ளவேண்டும் என்பதுகூட இல்லை. அந்தச் சூட்டுக் கம்பியின் மறுமுனை ரெகுலேட்டரின் உறை வழியாகவே எர்த் ஆகிறது; உறையைத் தொகுதியோடு பிடித்திருக்கும் சின்னஞ்சிறு திருகு துருவேறியோ தளர்ந்தோ போனால், கம்பிக்கு மின்சாரமில்லை, சூடில்லை, தொடுமுனை விலகுவதில்லை. கடற்காற்று வீசும் கரையோரத்தில் துருவேறாத திருகு எது? ஒரு திருகு தளர்ந்தமையால் ஒரு குடும்பம் நெடுஞ்சாலையில் நிராதரவாய் நிற்க நேரலாம் என்பது மிகைக் கற்பனை அல்ல.

இந்தக் கோளாற்றைக் கண்டுபிடிக்கும் வழி, பெட்ரோல் முள்ளை மட்டுமே உற்றுப் பார்த்துக்கொண்டிராமல் பக்கத்து முட்களையும் பார்ப்பதுதான். எஞ்சின் உஷ்ணத்தைக் காட்டும் மீட்டரும், சில வண்டிகளில் ஆயில் அழுத்தத்தைக் காட்டும் மீட்டரும் இதே ரெகுலேட்டரிடமிருந்தே மின்சாரம் பெறுகின்றன. டாங்கை நிரப்பிய பின் பெட்ரோல் முள் எஃப் குறியைத் தாண்டி ஓரத்தில் போய் இடித்து நிற்க, உஷ்ண முள்ளும் வழக்கமான இடத்தைவிட உயர்ந்து எச் குறியை நோக்கிப் போனால், குற்றவாளி டாங்கில் இல்லை, டேஷ்போர்டில் இருக்கிறது. இந்த நிலையில் சிலர் எஞ்சின் கொதிக்கிறதென்று தெர்மோஸ்டாட்டை மாற்றுகிறார்கள், ரேடியேட்டரைக் கழற்றுகிறார்கள். பெட்ரோலை எவரும் நினைப்பதில்லை. பெட்ரோல் முள் மட்டும் பிழை, மற்றவை சரி என்றால் ரெகுலேட்டர் நிரபராதி; யூனிட்டையோ, வயரையோ, அந்த ஒரு மீட்டரையோ பார்க்க வேண்டும்.

நிச்சயப்படுத்திக்கொள்ள ஒரு டெஸ்ட் லாம்பு போதும். டாங்க் யூனிட்டுக்குப் போகும் வயரைக் கழற்றி, அதற்கும் சேஸிஸுக்கும் நடுவே விளக்கைக் கோத்துச் சாவியைத் திருப்புங்கள். விளக்கு மங்கலாக விட்டுவிட்டு எரிந்தால், வெட்டும் வேலை ஒழுங்காக நடக்கிறது. அணையாமல் ஒரே சீராக எரிந்தால், முதலில் அந்தத் திருகைச் சுரண்டி இறுக்குங்கள். பிறகும் அப்படியே எரிந்தால் ரெகுலேட்டரை மாற்றுங்கள். எரியவே இல்லையென்றால் வயரோ மீட்டரோ ரெகுலேட்டரோ அறுந்திருக்கிறது. டிஜிட்டல் மல்டிமீட்டர் வைத்துப் பார்ப்பவர்கள் எண்கள் தாவுவதைக் கண்டு திகைத்து எழுதியிருக்கிறார்கள். தாவுவதுதான் ஆரோக்கியத்தின் அடையாளம். வயரை நேராக எர்த்தில் தொட்டு, முள் முழுவதும் ஏறுகிறதா என்று பார்க்கும் பழக்கம் மெக்கானிக்குகளிடம் உண்டு. ஒரு கணம் தொட்டு எடுத்தால் பாதகமில்லை. ஆனால் முள் மெதுவாக ஏறும் ஜாதியாதலால், அது ஏறி முடியும்வரை பிடித்துக்கொண்டேயிருந்து மீட்டரின் கம்பியை எரித்துவிடுவார்கள். அதற்குப் பதிலாக 10 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை நடுவில் வைத்து ஒரு நிமிஷம் காத்திருந்தால், முள் எஃப் குறியில் அமர வேண்டும். 73 ஓம் வைத்தால் ஈ குறிக்கு இறங்க வேண்டும். பெட்ரோல் வாடை அடிக்கும் இடத்தில், கசிவு கண்ட வண்டியில், இந்தச் சோதனைகளில் எதையுமே செய்யலாகாது.

டாங்கின் பக்கத்துக் கோளாறுகளை விரைவாகச் சொல்லிவிடலாம். எப்போதும் காலி என்று காட்டினால், பித்தளை மிதவையின் பற்றுவாய் விட்டு உள்ளே பெட்ரோல் புகுந்து, அது அடியில் மூழ்கிக் கிடக்கலாம். வெளியே எடுத்துக் காதருகே குலுக்கினால் சளசளக்கும். ஒட்டவைக்கப் பார்க்காதீர்கள், உள்ளே ஆவி இருக்கிறது; புதிய மிதவை மிகவும் மலிவு. எப்போதும் கொஞ்சம் குறைத்தே காட்டினால், டாங்கின் எர்த் வயரில் துரு ஏறி, அதன் தடை யூனிட்டின் தடையோடு கூடிவிட்டது என்று கொள்க. யூனிட்டைக் கழற்றும்போது பாட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, பூட்டு வளையத்தை மரக்கட்டையோ பித்தளைக் கம்பியோ வைத்துத் தட்டுங்கள்; இரும்பு உளி பொறி பறக்கச் செய்யும்.

இரட்டை டாங்க் வண்டிகளைப் பற்றி மட்டும் சற்று நின்று சொல்ல வேண்டும். பல வண்டிகளில் டேஷ்போர்டிலுள்ள சுவிட்ச், பெட்ரோல் வரும் வழியை மாற்றும் வால்வுக்கு ஆணையிடுவதோடு மீட்டரின் வயரையும் டாங்க் மாற்றிவிடுகிறது. வால்வு துருவேறி அசையாமல் நின்றுவிட்டாலும் வயர் மாறிவிடும்; அதாவது எஞ்சின் முன் டாங்கைக் குடித்துக்கொண்டிருக்கும்போது முள் நிரம்பிய பின் டாங்கைக் காட்டிக்கொண்டிருக்கும். முள் பொய் சொல்லவில்லை, எஞ்சின் குடிக்காத டாங்கைப் பற்றி உண்மை சொல்கிறது. சில மைல் ஓட்டிப் பார்த்து, தேர்ந்தெடுத்த டாங்கின் முள்தான் இறங்குகிறதா என்று ஊரிலிருக்கும்போதே பரீட்சித்துக்கொள்ளுங்கள். இந்த இரட்டை டாங்கில் ஓர் அனுகூலமும் இருக்கிறது: ஒரு டாங்கில் சரியாகவும் மற்றதில் பிழையாகவும் காட்டினால், மீட்டரையும் ரெகுலேட்டரையும் சந்தேகிக்க வேண்டியதில்லை.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமான பதில்கள்.

புதிய யூனிட் போட்ட பின் முள் தலைகீழாகக் காட்டுகிறதா? 1987 முதல் வந்த பிக்கப்களுக்கான யூனிட்டை உங்களுக்கு விற்றிருக்கிறார்கள். அதில் காலிக்குச் சுமார் 16 ஓம், நிரம்பினால் சுமார் 158.

எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர் போடலாமா? போடலாம்; சீரான 5 வோல்ட் தரும், முள்ளுக்குச் சராசரி ஒன்றே.

பெட்ரோலில் உள்ள கந்தகம் யூனிட்டைக் கெடுக்குமா? 2004ஆம் ஆண்டில் லூசியானா, ஃபுளோரிடா பகுதிகளில் விற்ற பெட்ரோலில் கலந்த கந்தகத்தால் பல புதிய வண்டிகளின் வெள்ளித் தொடுமுனைகள் கெட்டு மீட்டர்கள் பிழையாயின. பழைய பிக்கப்பில் முதலில் துருவைத் தேடுங்கள்.

மீட்டர்த் தொகுதி முழுவதையும் மாற்றச் சொல்கிறார்களே? டெஸ்ட் லாம்பு வைத்துப் பார்த்தார்களா என்று கேளுங்கள். பார்க்கவில்லையென்றால் பணம் கொடுக்காதீர்கள்.

பழுது பார்க்க அவகாசமில்லையே? டாங்கை விளிம்புவரை நிரப்பி, ஓடோமீட்டரில் உள்ள எண்ணைக் குறித்துவைத்து, மைல்களைக் கொண்டு பெட்ரோலைக் கணக்கிடுங்கள். நெரிசலில் நின்றபடி எஞ்சின் ஓடும் நேரம் அந்தக் கணக்கில் வராது என்பதால், அதற்கென்று தாராளமாக ஒதுக்கிவையுங்கள்.