கிண்ணத்தில் நெத்திலி, தவசிக்கீரை

களமருதூர்ப் பக்கத்து ஆளுக்கு நூடுல்ஸ் என்றால் உளுந்தூர்பேட்டையிலோ கள்ளக்குறிச்சியிலோ சாயங்காலம் அடுப்பு மூட்டும் பாஸ்ட் புட் வண்டிதான். இரும்புச் சட்டி, பெருந்தீ, பொடியாக அரிந்த முட்டைக்கோஸ், சோயா சாஸ், சிவப்பாக ஒரு சில்லி சாஸ், மேலே மிளகுத்தூள். அதை நான் குறை சொல்ல மாட்டேன். கல்கத்தாவில் குடியேறிய ஹக்கா சீனர்களின் கைப்பக்குவம், ஊர் ஊராக நம் நாக்குக்குத் தக்கபடி மாறி, நம் பஸ் ஸ்டாண்டு வரை வந்திருக்கிறது. ஆனால் அதுதான் சீனச் சாப்பாடு என்று நம்பி சிங்கப்பூரில் இறங்குகிறவர், அங்கே ஒரு சீனக் கடையின் கிண்ணத்தை முதன்முதலாகப் பார்க்கும்போது திகைத்துப்போகிறார். வெளிறிய சாறு, அதில் மூழ்கிய கீரை, ஒரு முட்டை. சிவப்பு கண்ணிலேயே படாது.

கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர்ப் பக்கத்திலிருந்து கட்டுமான வேலைக்கும் கப்பல் பட்டறைக்கும் போன பிள்ளைகள் சிங்கப்பூரில் நிறைய. அவர்களில் பலருக்குச் சாப்பாடு பொட்டலமாகத்தான் வருகிறது. விடியும் முன்னே கட்டிக் கொடுத்த சோறும் குழம்பும், மதியம் வேலையிடத்தில் பிரிக்கும்போது ஆறிப்போயிருக்கும். சில நாள் ஊசியும் போயிருக்கும். ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவுக்குப் போனால் பிரியாணி, பரோட்டா. நாலு வருடம் வேலை பார்த்துத் திரும்பிய ஒருவர் பக்கத்துச் சீனக் கடையில் ஒரு நாளும் வாய் வைக்காமலே ஊர் வந்து சேர்வது சாதாரணம். எனக்கு அதில் மனம் ஆறவில்லை. ஐந்து ஆறு சிங்கப்பூர் டாலருக்கு, அடுப்பிலிருந்து நேரே இறங்கிய சூடான சாப்பாடு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அதில் ஒன்று நம் வீட்டுச் சமையலுக்கு மிகவும் கிட்டத்தில் நிற்கிறது.

அதன் பெயர் பான் மியான். மலேசியாவில் பன் மீ என்பார்கள். கோதுமை மாவில் முட்டையும் உப்பும் சேர்த்துப் பிசைந்து, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, உருளையில் தேய்த்துப் பட்டையாக அறுப்பார்கள். பட்டை வேண்டாமென்றால் மெல்லிசாக அறுத்துத் தருவார்கள். மாவைக் கையால் பிய்த்துப் பிய்த்துக் கொதிசாற்றில் போடும் வகையும் உண்டு, அது மீ ஹூன் குவே. மூன்றில் எனக்குப் பிடித்தது பிய்த்துப் போட்டதுதான். ஓரம் மெலிந்து, நடு தடித்து, ஒவ்வொரு துண்டும் வேறு வேறாக வெந்திருக்கும்.

இனி சாற்றைப் பாருங்கள். அதன் அடிச்சுவை நெத்திலிக் கருவாடு. கடலூர்க் கருவாடு வாங்கிச் சமைத்த வீட்டில் வளர்ந்தவருக்கு ஆவி முகத்தில் பட்டதுமே தெரிந்துவிடும். மேலே தூவுவதும் மொறுமொறுவென்று பொரித்த நெத்திலியே. கீரை எது என்று கேட்டால் நம்மவருக்கு இன்னும் வியப்பாக இருக்கும். இங்கே நர்சரிகளில் மல்டிவைட்டமின் கீரை என்று விற்கிறார்களே, அந்தத் தவசிக்கீரைதான். வேலியோரம் தானாகத் தழைக்கும் செடி. (வெந்த கீரைக்குக் குறையில்லை. அதையே பச்சையாக அரைத்துச் சாறாகக் குடித்து 1990களில் தைவானில் பலர் கடுமையான நுரையீரல் நோயில் விழுந்தார்கள். இங்கே உடம்பு இளைக்க இதைப் பச்சையாகக் குடிக்கச் சொல்கிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.) கொதிக்கும் சாற்றில் உடைத்து ஊற்றிய முட்டை, கொஞ்சம் காளான், கொத்துக்கறி. அவ்வளவுதான் கிண்ணம்.

கொத்துக்கறி பெரும்பாலும் பன்றிக்கறி. நோ போர்க் என்று சொன்னால் கறியை விட்டுவிடுவார்கள். ஆனால் சாறு கொதித்ததும் பன்றி எலும்பில் இருக்கலாம். ஒதுக்குகிறவர்கள் அதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். முஸ்லிம் அன்பர்கள் ஹலால் சான்றிதழ் மாட்டிய கடையைத் தேடுவது நல்லது. சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்குச் சீனச் சைவக் கடைகள் தனியாக இருக்கின்றன. பௌத்த வழக்கப்படி நடக்கும் கடையானால் பூண்டு வெங்காயம்கூடச் சேர்க்க மாட்டார்கள்.

சாப்பிட்டவர்கள் சொல்லும் முதல் குறை, காரமில்லை என்பது. நம் பாஸ்ட் புட் வண்டி நம்மைப் பழக்கிவிட்டது அப்படி. வண்டியில் நூடுல்ஸின் உயிர் சாஸில். இந்தக் கிண்ணத்தில் உயிர் சாற்றில் இருக்கிறது, அது உரக்கப் பேசாது. நாலைந்து வாய் உள்ளே போன பிறகுதான் நெத்திலியின் உப்பும் கீரையின் லேசான இனிப்பும் தனித்தனியாகத் தெரியவரும். அதுவரை பொறுத்துவிட்டு, பிறகு சின்னத் தட்டில் தரும் சோயாவில் ஊறிய மிளகாயைத் தொட்டுக்கொள்ளலாம். எடுத்த எடுப்பில் மிளகாயைச் சாற்றில் கொட்டினால் கிண்ணம் பாழ். காரம் இல்லாமல் முடியவே முடியாது என்பவர் கோலாலம்பூர்ப் பக்கம் போகும்போது சில்லி பன் மீ கேட்கட்டும்: சாறு தனியே, வறுத்த மிளகாய்த் தூள் மேலே.

நூடுல்ஸின் பழைய கதையைத் தேடிப் போனால் அது இன்னும் நமக்குக் கிட்டே வருகிறது. சீனாவின் சிங்ஹாய் மாகாணத்தில், மஞ்சளாற்றங்கரையில் லாஜியா என்றோர் இடம். அங்கே நிலநடுக்கத்திலும் வெள்ளத்திலும் புதைந்த குடியிருப்பைத் தோண்டியபோது மண்ணுக்குள் ஒரு மண்பாத்திரம் கவிழ்ந்து கிடந்தது. அதனடியில் மெல்லிய மஞ்சள் இழைகள். வயது ஏறத்தாழ 4,000 ஆண்டு. 2005இல் நேச்சர் இதழில் அந்த ஆய்வு வந்தது. கோதுமையில் செய்ததல்ல, தினையிலும் பனிவரகிலும் செய்தது என்றது அந்த ஆய்வுக் குழு. கல்வராயன் மலையில் சாமையும் தினையும் விதைத்த குடும்பங்களுக்குத் தெரிந்த வகைத் தானியங்கள்தான் இவை. சிறுதானியத்தில் கோதுமையின் பசைத்தன்மை கிடையாதே, இழுத்தால் அறுந்துவிடுமே என்று மற்ற ஆய்வாளர்கள் மறுத்தார்கள். நியாயமான கேள்வி. பின்னாளில் முதலில் சொன்ன குழுவினரே சிறுதானிய மாவைப் பக்குவப்படுத்தி, துளைகள் வழியே அழுத்திப் பிழிந்து இழையாக்கிக் காட்டினார்கள். நம் வீட்டு இடியாப்ப உரலின் வேலை அது. மலைத்தினையில் சேவை பிழிகிற நம் பெண்களிடம் அவர்கள் கேட்டிருந்தால் பதில் சட்டென்று கிடைத்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

சிங்கப்பூரில் பான் மியான் கடையும் மற்றக் கடைகளும் ஒரே கூரைக்குக் கீழே வந்த கதையும் பெரிது. சிங்கப்பூர் அரசு 1968, 69இல் தெருவோர வியாபாரிகளைக் கணக்கெடுத்துப் பதிவு செய்தது. 1971இலிருந்து குழாய்த் தண்ணீரும் கழிவுநீர் வசதியும் உள்ள உணவங்காடிகளைக் கட்டி அவர்களை உள்ளே குடியேற்றியது. 1986க்குள் அந்த வேலை முடிந்தது. குளிர்சாதனம் போட்ட புட் கோர்ட் அதன் அடுத்த பிறவி. 2020 டிசம்பரில் யுனெஸ்கோ இந்த அங்காடிப் பண்பாட்டைத் தன் பட்டியலில் சேர்த்தது. சீனர் கடை, மலாய்க்காரர் கடை, தமிழ் முஸ்லிம் கடை எல்லாவற்றுக்கும் மேசை பொது. சீனரின் மஞ்சள் மீயை எடுத்து, மிளகாயும் தக்காளியும் போட்டு மீ கோரெங் ஆக்கியது அந்தத் தமிழ் முஸ்லிம் கடைகள்தான். நம் ஆட்கள் அந்தச் சட்டியில் ஏற்கெனவே கைவைத்தாயிற்று. பக்கத்துக் கிண்ணத்தை எட்டிப் பார்க்கத் தயங்க வேண்டியதில்லை.

போகிறவருக்குச் சில விஷயங்கள். மேசைமேல் டிஷ்யூ பொட்டலம் இருந்தால் அந்த இடம் பிடித்தாயிற்று என்று அர்த்தம், உட்காரக் கூடாது. குச்சி பிடிபடவில்லையென்றால் முள்கரண்டி கேளுங்கள், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். சத்தம் வர உறிஞ்சலாம். சூடு தணியும், வாசம் மூக்குக்கு ஏறும். போனில் பேசிக்கொண்டே சாப்பிட்டால் மாவு சாற்றைக் குடித்து உப்பிவிடும், அதனால் வந்ததும் சாப்பிட வேண்டும். முடிந்ததும் தட்டைத் தூக்கித் திருப்பி வைக்கும் இடத்தில் வைக்க வேண்டும், வைக்காவிட்டால் அபராதம் உண்டு. முதல் முறையாகப் போகிறவர் மதியம் 12 மணிக் கூட்டத்தில் மாட்டிக்கொள்ளாமல் 11 மணிக்கே போவது நல்லது. சாற்றில் என்ன எலும்பு, எந்த வடிவ மாவு என்று நிதானமாகக் கேட்கலாம். கடைக்காரருக்கும் பதில் சொல்ல நேரமிருக்கும்.