கவர்தலும் விருப்பும்: பெர்செபொனி தொன்மத்தின் வரைகதை மறுவாசிப்புகள்

ஆய்வுச் சுருக்கம்

கிரேக்கத் தொன்மத்தில் பாதாள வேந்தன் ஹேடிஸ், டிமீட்டரின் மகள் பெர்செபொனியை வலிந்து கவர்ந்து செல்கிறான். இந்நிகழ்வை இக்கால வரைகதைப் புதினங்கள் காதல் கதையாக மாற்றிக் கூறுகின்றன. இம்மாற்றம் எவ்வழிகளில் நிகழ்கிறது, அதனால் தொன்மம் பெறுவது யாது, இழப்பது யாது என்பனவற்றை மூல பாடத்தோடு ஒப்பிட்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: தொன்மம், மறுவாசிப்பு, வரைகதை, பெர்செபொனி, டிமீட்டர், இசைவு

முன்னுரை

கிரேக்கத் தெய்வங்களின் காதல் எனச் சுட்டப்படுவனவற்றுள் பல, உண்மையில் வலிந்து கவர்தலின் கதைகளே. ஜீயஸ் காளை வடிவெடுத்து யூரோப்பாவைக் கொண்டு சென்றான். அப்போலோவிடமிருந்து தப்பி ஓடிய டாஃப்னி மரமாக மாறினாள். இத்தகைய கதைகளை இன்றைய வாசகருக்கு மீட்டுரைக்கும் படைப்பாளர், பெண்ணின் இசைவு என்னும் வினாவைத் தவிர்க்க இயலாது. இவ்வினாவை மிகுதியாக எதிர்கொண்டது பெர்செபொனி தொன்மமாகும். ஜார்ஜ் ஓ'கானரின் ‘ஒலிம்பியன்ஸ்’ வரிசையில் வெளிவந்த ‘ஹேடிஸ்’ (2012), லிண்டா ஷேயிச்சின் ‘பண்டர்வேர்ல்ட்’ (2021), நியூசிலாந்தைச் சேர்ந்த ரேச்சல் ஸ்மைத்தின் ‘லோர் ஒலிம்பஸ்’ (2018-2024) ஆகிய மூன்றும் இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. இவற்றுள் இறுதியாகக் கூறப்பட்டது வெப்டூன் தளத்தில் தொடராக வெளிவந்து, 2021 முதல் அச்சு நூல்களாகவும் வந்தது. 2022இல் சிறந்த இணைய வரைகதைக்கான ஐஸ்னர் விருதைப் பெற்றது.

மூல பாடம்

இத்தொன்மத்தின் விரிவான பழம்பாடம், ஹோமரின் பெயரால் வழங்கும் ‘டிமீட்டர் துதி’ ஆகும். 495 அடிகளைக் கொண்ட இத்துதி, தொடக்கத்திலேயே ஹேடிஸ் கவர்ந்ததையும் ஜீயஸ் கொடுத்ததையும் அடுத்தடுத்துக் கூறிவிடுகிறது. மகளைக் கொடுக்கும் உரிமை தந்தைக்கு உரியது என்ற பண்டைய கிரேக்க மணவழக்கு இதன் பின்புலத்தில் உள்ளது. ஆயினும் பெர்செபொனி விருப்பமின்றிக் கொண்டு செல்லப்பட்டாள் என்பதையும், அவள் அலறினாள் என்பதையும் துதி மறைக்கவில்லை. தந்தையின் இசைவு இருந்தும் மகளின் இசைவு இல்லை என்பதைத் துதி அறிந்தே கூறுகிறது.

மாதுளை விதை குறித்துத் துதிக்குள்ளேயே ஒரு முரண் காணப்படுகிறது. ஹேடிஸ் அவ்விதையை மறைவாகக் கொடுத்தான் என்று கவிக்கூற்று அமைகிறது. தாயைச் சந்தித்த பெர்செபொனியோ, தன்னை வற்புறுத்தி உண்ணச் செய்தான் என்கிறாள். இவ்விரு கூற்றுகளுக்கும் இடைப்பட்ட இடைவெளியே, அவள் உள்ளத்தில் இருந்தது என்ன என்ற வினாவுக்கு இடமளிக்கிறது. ஆனால் துதி வெளிப்படையாகக் காட்டும் அவளது மகிழ்ச்சி ஒன்றே: தாயிடம் திரும்பலாம் என்று கேட்டதும் அவள் உவகையோடு துள்ளி எழுகிறாள்.

வன்முறையின் இடமாற்றம்

மூன்று வரைகதைகளும் மூன்று வகையான தீர்வுகளைக் காண்கின்றன. ஓ'கானர் கவர்தலை நீக்கவில்லை. தாயின் கட்டுப்பாட்டால் சலிப்புற்ற இளம்பெண்ணாக அவளைக் காட்டி, பாதாளத்தில் அவள் அரசியாக வளர்வதைக் கதையின் மையமாக்குகிறார். ஷேயிச் இதனை நகைச்சுவைக் கதையாக்குகிறார். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாகப் பேசிக்கொள்ளாமலே ஒருவர்மீது ஒருவர் விருப்பம் கொண்ட இருவராக அவர்களைப் படைப்பதால், விருப்பம் நிகழ்வுக்கு முன்பே நிலைபெற்றுவிடுகிறது.

ஸ்மைத்தின் தீர்வு மேலும் சிக்கலானது. ஒரு விருந்தில் பெர்செபொனியின் அழகை ஹேடிஸ் புகழ, சினமுற்ற அப்ரோடைட்டியின் ஏவலால் ஈராஸ் அவளை மது அருந்தச் செய்து ஹேடிஸின் காரில் கிடத்துகிறான். ஹேடிஸ் அதனை அறியாமலே அவளைத் தன் இல்லத்திற்குக் கொண்டு செல்கிறான். பழைய தேரின் இடத்தில் கார் நிற்கிறது. கவர்ந்தவன் என்னும் பழி மட்டும் அவனை விட்டு நீங்குகிறது. காதல் தெய்வம் தன் மகனை ஏவும் இவ்வமைப்பு ஓவிட்டின் ‘உருமாற்றங்கள்’ ஐந்தாம் நூலை நினைவூட்டுகிறது. அங்கு வீனஸின் ஏவலால் கியூபிட் பாதாள வேந்தன்மீது அம்பெய்கிறான். அவ்வம்பு ஹேடிஸைக் காதலனாக்கியதே தவிர, கவர்தலிலிருந்து விடுவிக்கவில்லை. ஸ்மைத் அவனை அதிலிருந்தும் விடுவிக்கிறார்.

எனினும் வன்முறை கதையிலிருந்து மறைந்துவிடவில்லை. துதியில் இல்லாத நிகழ்வாக, பெர்செபொனிக்கு அப்போலோ இழைக்கும் பாலியல் வன்கொடுமை தொடரில் இடம்பெறுகிறது. அதன் விளைவுகளாகிய குழப்பம், குற்றவுணர்வு, வெளிப்படுத்தத் தயங்கும் மௌனம் ஆகியன பல அத்தியாயங்களில் தொடர்கின்றன. மூலத்தில் ஒரே நிகழ்வில் பிணைந்திருந்த வன்முறையும் மணவாழ்வும் இங்கு இரு ஆண்களிடையே பிரிக்கப்படுகின்றன. இப்பிரிப்பே காதல் கதையைச் சாத்தியமாக்குகிறது.

வடிவமும் அகவெளியும்

இம்மாற்றத்திற்கு வரைகதை வடிவமும் துணைநிற்கிறது. கட்டங்களுக்கு இடையிலான வெற்றிடத்தை வாசகரே தம் கற்பனையால் நிரப்புகிறார் என்பது ஸ்காட் மெக்லவுட் 1993இல் முன்வைத்த கருத்து. கைப்பேசித் திரையில் மேலிருந்து கீழாக நகரும் ‘லோர் ஒலிம்பஸ்’ தொடரில் இவ்வெற்றிடம் வேண்டிய அளவு நீளக்கூடியது. தயக்கமும் காத்திருப்பும் அந்த நீளத்திலேயே உணர்த்தப்படுகின்றன. பெர்செபொனி இளஞ்சிவப்பிலும் ஹேடிஸ் நீலத்திலும் தீட்டப்பட்டிருப்பதால், சொல்லின்றியே அவர்களது அண்மையும் விலகலும் புலப்படுகின்றன. துதியில் அலறலாகவும் பின்னர்த் தாயிடம் கூறும் கூற்றாகவும் மட்டுமே வெளிப்பட்ட பெண்குரல், இங்குக் கதை முழுவதும் ஒலிக்கும் அகக்குரலாகிறது. இது மறுவாசிப்பின் பெரும்பேறு எனலாம்.

தாயின் இடம்

இப்பேற்றுக்கு ஈடாகத் தொன்மம் இழப்பது டிமீட்டரை. துதியின் தலைவி அவளே. ஒன்பது நாள் உண்ணாமல் தீப்பந்தம் ஏந்தி அலைபவளும், எலூசிஸில் முதியவளாக உருமாறித் தங்குபவளும், பயிர் முளைக்காமல் தடுத்து ஜீயஸைப் பணியச் செய்பவளும் அவள்தான். மகள் ஆண்டில் மூன்றில் இரு பங்கு காலம் தாயுடன் வாழலாம் என்ற தீர்வு, அத்துயரம் ஈட்டிய வெற்றி. வரைகதைகளிலோ அவள் மகளின் விருப்பத்திற்குக் குறுக்கே நிற்கும் தாயாகச் சுருங்குகிறாள். ஹேடிஸ் காதலனாக உயரும்போது, அவனை எதிர்த்த துயரம் மிகையான கண்காணிப்பாகத் தோன்றுவது தவிர்க்க இயலாததாகிறது.

முடிவுரை

இவ்வரைகதைகளை மூலத்தைத் திரித்தவை என்றோ, மூலத்தைத் திருத்தியவை என்றோ ஒரு சொல்லில் மதிப்பிடல் பொருந்தாது. மாதுளை விதை குறித்த முரணில் துதியே விட்டுவைத்த இடைவெளியில் இவை நுழைந்து, மகளுக்கு விருப்பத்தையும் குரலையும் அளிக்கின்றன. அதே வேளையில், இசைவின்மையை முதலில் உரக்கக் கூறி உலகையே நிறுத்திய தாயின் குரலைத் தாழ்த்துகின்றன. மகளின் விருப்பத்தையும் தாயின் துயரத்தையும் ஒருசேரத் தாங்கும் மறுவாசிப்புக்கு இத்தொன்மத்தில் இன்னும் இடமுண்டு.