ஆட்டம் இயற்றுவோரும் ஆடுவோரும்

வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிப்பதற்காகப் பரமபதப் படத்தை விரித்துச் சோழி உருட்டிய நினைவு இல்லாத குடும்பம் நம்மிடையே அரிது. பாம்பு கடித்ததற்கு அழுத பேரனும், ஏணி ஏறியதற்குச் சிரித்த பாட்டியும் அன்று ஒரே பாயில் அமர்ந்திருந்தனர். இன்றோ பாட்டி சித்தூரில், பேரன் பெங்களூரில். அவ்விருவரையும் மீண்டும் ஒரே பாயில் அமர்த்த இயலுமா என்ற எண்ணம் நம் சங்க அன்பர் ஒருவரின் மைந்தருக்கு எழுந்தது.

திருப்பதியில் கணினிக் கல்வி பயிலும் அவ்விளைஞர், வெவ்வேறு ஊர்களில் இருப்போர் இணையத்தின் வழியே கூடி ஆடத்தக்க பரமபத ஆட்டம் ஒன்றைக் கைப்பேசிக்கென இயற்றினார். இயற்றிய பின்னரே இடர் தோன்றிற்று. ஆட்டம் ஆயத்தம், ஆடுவார்தாம் இல்லை. 2023 நவம்பர் 13ஆம் நாளுக்குப் பின் கூகுள் செயலிக்கடையில் தனிநபர் கணக்குத் தொடங்கியோர், தம் படைப்பைப் பொதுமக்களுக்கு வெளியிடுமுன் ஒரு சோதனை நடத்துதல் வேண்டும் என்பது விதி. முதலில் 20 பேர் தேவை என்றிருந்தது. 2024 டிசம்பரில் அது 12 ஆகக் குறைக்கப்பட்டது. அப்பன்னிருவரும் 14 நாட்கள் இடைவிடாது அச்சோதனையில் இணைந்திருத்தல் வேண்டும். இளைஞர் சங்கத்தை நாடினார், நாமும் இசைந்தோம்.

ஆனால் ஒரு நிபந்தனை விதித்தோம். “எம் வீடுகளுக்கு வந்து, நாங்கள் ஆடுவதைப் பாரும், வாய்திறந்து விளக்கம் கூறலாகாது” என்றோம். கடையிலிருந்து செயலியைப் பெறும் அன்பர் வீட்டிற்கெல்லாம் இயற்றியவர் வந்து விளக்கிக்கொண்டிருக்க இயலுமோ?

முதல் வீட்டிலேயே பாடம் தொடங்கிற்று. எழுபது அகவை கடந்த அம்மையார் கைப்பேசியை வாங்கினார். திரை முழுதும் ஆங்கில விதிகள். பேசாது பேத்தியிடம் நீட்டிவிட்டார். இளைஞர் அன்றிரவே விதிகளைத் தமிழில் எழுதினார். மறுநாள் பாட்டியார் படித்தார், பேத்தியோ விழித்தாள். அவள் தமிழ் பேசுவாள். படிப்பதோ தெலுங்கும் ஆங்கிலமுமே.

இவ்வட்டாரத்தின் வரலாற்றை அறிந்தோர்க்கு இது வியப்பன்று. 1911இல் அமைந்த சித்தூர் மாவட்டத்தில் பழைய வட ஆர்க்காட்டின் பகுதிகள் சேர்ந்தன. 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்திற்குச் சென்றது. 2022 ஏப்ரல் 4ஆம் நாள் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைகள் மாறினும் வீட்டு மொழி மாறவில்லை. பள்ளி மொழிதான் வேறாயிற்று. ஆகவே ஆடுவோர் ஒவ்வொருவரும் தத்தம் மொழியைத் தெரிந்துகொள்ளவும், விதிகளைக் குரலாகக் கேட்கவும் வழி செய்தார் இளைஞர்.

அடுத்து அம்மையார் வினவியது இது: “நான் உருட்டாமல் விழுந்த தாயம் யாருடையது?” நேரம் மிச்சமாகட்டும் என்று காய் தானே உருளுமாறு செய்திருந்தார் இளைஞர். அம்மையார்க்கோ உருட்டுவதிலேதான் ஆட்டம் இருந்தது. பாம்புகளுக்குப் பெயர் இல்லாமையும் அவருக்குக் குறையாயிற்று. பழைய படங்களில் அவை அசுரர் பெயர் தாங்கியவை அல்லவா?

முதல் நாள் ஆடியவருள் எத்தனை பேர் மறுநாளும், ஏழாம் நாளும், முப்பதாம் நாளும் மீண்டு வருகின்றனர் என்று ஆட்டம் இயற்றுவோர் கணக்கெடுப்பது வழக்கம். அக்கணக்கு இன்றியமையாதது. ஆயினும் ஆடுவோர் எவ்விடத்தில் நின்றார் என்பதை எண் காட்டுமேயன்றி, ஏன் நின்றார் என்பதைக் காட்டாது. அதனை அறிய ஆடுவோர் முகத்தைத்தான் பார்த்தல் வேண்டும்.

ஆடுவோரை அழைக்கும் முறையும் இவ்வறிவிலிருந்தே பிறக்கும். நாம் பரமபதம் என்று தேடுவதைத் தெலுங்கு அண்டையார் வைகுண்டபாளி என்று தேடுவர். இரு பெயரும் கடைப்பக்கத்தில் இருத்தல் நலம். வெளியிடும் காலம் மார்கழியாயின் மக்கள் தாமே தேடி வருவர். பணப்பரிசு காட்டி ஈர்க்கலாம் என்று ஓர் அன்பர் கூறினார். அதனை நாம் மறுத்தோம். பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களை ஆந்திர அரசு 2020இல் தடுத்தது. 2025 ஆகஸ்டில் இயற்றப்பெற்ற மத்தியச் சட்டம் அத்தகைய ஆட்டங்களோடு அவற்றின் விளம்பரத்தையும் தடை செய்தது. சட்டம் ஒருபுறம் இருக்க, ஆசை காட்டிச் சேர்த்த கூட்டம் ஆட்டத்தை நேசிப்பதில்லை.

நம் வீட்டுக் கதையை வெளியார் யார் ஆடுவார் என்று ஐயுறுவோர்க்கு ‘வெண்பா’ விடை தரும். கனடா நாட்டு டொராண்டோ நகரின் விசை கேம்ஸ் நிறுவனம் 2023 ஜூலையில் வெளியிட்ட ஆட்டம் அது. 1980களில் குடிபெயர்ந்த தமிழ்த்தாய் ஒருத்தி, சிதைந்த சமையற் குறிப்பேட்டைக் கொண்டு இட்லியும் புட்டும் ஆக்குவதும், மகன் மெல்ல மெல்லத் தாய்மொழியினின்று விலகுவதுமே அதன் கதை. 2024இல் அது தனிப்படைப்பாளர் ஆட்டவிழாவின் தலைமைப் பரிசையும், பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு முதற்படைப்புக்கு வழங்கும் விருதையும் பெற்றது. தம் மக்களை நன்கறிந்து இயற்றியதனாலேயே பிறரும் அதனைத் தமதாக்கிக்கொண்டனர் என்பது நம் துணிபு.

பதினான்காம் நாள் மாலை, சித்தூர் அம்மையார் பெங்களூர்ப் பேரனுடன் ஆடினார். மற்றொரு கைப்பேசியில் பேச்சும் நடந்தது. பேரனின் காயைப் பாம்பு விழுங்கிற்று. “பாட்டி, இந்த அசுரன் யார்?” என்றான் அவன். ஆட்டம் அரை மணி நேரம் நின்றுபோயிற்று, கதை நடந்தது. எந்தக் கணக்கேட்டிலும் அது ‘ஆடாத நேரம்’ என்றே பதிவாகியிருக்கும்!

செயலி இன்னும் கடைக்கு வரவில்லை. ஏகாதசிக்கு முன் வரும் என நம்புகின்றோம். அன்பர்காள்! உங்கள் தெருவிலும் இத்தகைய இளைஞர் ஒருவர் இருக்கக்கூடும். அவர் வேண்டுவது பொருளன்று. பன்னிருவரும் பதினான்கு நாட்களுமே. அவற்றை நாம் மகிழ்ந்து அளிப்போமாக.