சீலையும் திரையும்

யன்னலில் தொங்கும் துணியை நாம் "கேட்டின் சீலை" என்கிறோம். கேட்டின் ஆங்கிலத்திலிருந்து வந்தது. யன்னல் போர்த்துக்கேயர் தந்தது. ஆனால் அந்தத் துணிக்குத் தமிழிலும் பழைய பெயருண்டு. சிலப்பதிகார அரங்கேற்று காதை மேடைத் திரைகளை ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூன்றாகக் கூறுகிறது. ஒரு பக்கமிருந்து இழுபடுவது, இரு பக்கமிருந்தும் வந்து சேர்வது, மேலிருந்து இறங்குவது என்பன அவை. படுதா, பர்தா என்பவை பாரசீகச் சொல்லின் வழிவந்தவை; அங்கும் பொருள் திரையே.

திரைச்சீலை என்று சேர்த்தும் சொல்கிறோம். நம் ஊரில் சீலை என்றால் உடுக்கும் சேலையுந்தான். இரண்டும் ஒன்றாகியிருந்ததை வீட்டுத்திட்ட வீடொன்றில் கண்டேன். கூரை போட்டாயிற்று; யன்னல்களுக்குக் கதவில்லை. தாய் தன் பழைய சீலையை இரண்டாகக் கிழித்துக் கட்டியிருந்தார்.

"குமர்ப்பிள்ளை உடுப்பு மாத்த வேணுமே, பிள்ளை" என்றார். காற்றடித்தால் சீலை விலகும். அதனால் விளக்கை அணைத்துவிட்டே மகள் உடுப்பு மாற்றுகிறாளாம்.

சுவர், கூரை, மலசலகூடம் எல்லாவற்றுக்கும் என் படிவத்தில் இடமிருந்தது, திரைக்கு இல்லை. சகோதரிகளே, அடுத்த முறை உதவிப் பொதி கட்டும்போது நாலு முழத் துணியும் ஒரு கயிறும் சேர்த்து வைப்போம். மறைவும் பெண்ணுக்கு ஓர் அடிப்படைத் தேவைதான்.