இரண்டாகக் கிழிக்கச் சொன்ன பணம்

பாஞ்சாலங்குறிச்சி வீட்டில் தாத்தாவின் டிரங்குப் பெட்டியைக் குடைந்தபோது ஒரு சின்னத் தாள் கிடைத்தது. '3 சதம்' என்று போட்டிருந்தது. ஒரு ஓரம் மட்டும் தபால்தலை மாதிரி பல் பல்லாக இருந்தது. தாத்தா சிறுவயதில் கொழும்பில் கடைவேலை பார்த்தவர், அங்கிருந்து வந்ததுதான். ஆனால் ஓரம் ஏன் இப்படி?

தேடியபோது புரிந்தது. போர்க்காலத்தில் சில்லறைத் தட்டுப்பாடு வந்ததால் 1942-ல் இலங்கை அரசு 5 சதத்துக்கு ஒரு தாள் அச்சிட்டது. நடுவில் துளைக்கோடு. கிழித்தால் ஒரு பக்கம் 2 சதம், மறுபக்கம் 3 சதம். என் கையில் இருப்பது பாதி!

இந்தியாவிலும் அதே கதைதான். உலோகத்தை மிச்சம் பிடிக்க 1943-ல் நடுவே ஓட்டை போட்ட காலணா வந்தது. பிகானேர், மோர்வி, ஜூனாகத் போன்ற சமஸ்தானங்கள் சில்லறைக்குப் பதிலாகக் கூப்பன் அச்சடித்தன.

இதற்கெல்லாம் அண்ணன் ஜெர்மனியின் 'நோட்கெல்ட்', அதாவது அவசரப் பணம். 1914-ல் போர் தொடங்கியதும் மக்கள் நாணயங்களைப் பதுக்கினார்கள். சில்லறை இல்லாமல் நகராட்சிகளும் ஆலைகளும் சொந்தமாகத் தாள் அச்சிட்டன. பீலஃபெல்டு நகரில் பட்டுத்துணியில்கூட அடித்தார்கள். படம் அழகாக இருந்ததால் பலர் மாற்றாமல் சேர்த்து வைத்தார்கள். மாற்ற வராத தாள் நகராட்சிக்கு லாபம்தானே!

1923-ல் நிலைமை வேறு. இப்போது குறைந்தது சில்லறை இல்லை, பணத்தின் மதிப்பு. விலை ஏறும் வேகத்துக்கு அரசு அச்சகத்தால் ஈடுகொடுக்க முடியவில்லை. ஊர்கள் மறுபடி தாள் அடித்தன. நவம்பரில் ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க். கடைசியில் ஒரு லட்சம் கோடி பழைய மார்க்குக்கு ஒரு 'ரென்டன்மார்க்' என்று புதுப்பணம் கொண்டுவந்துதான் நிறுத்தினார்கள்.

இரண்டு சமயத்திலும் தாள் தாள்தான். வித்தியாசம் ஒன்றே: கொடுத்தவர் திரும்ப வாங்கிக்கொள்ளும்போது அதே மதிப்பு இருக்குமா? சில்லறைப் பஞ்சத்தில் இருந்தது. பணவீக்கத்தில் சாயங்காலத்துக்குள் கரைந்துபோனது.

அந்த வாக்குக்கு எல்லையும் உண்டு. கொழும்பில் செல்லுபடியான மூணு சதம், தோணியேறித் தூத்துக்குடியில் இறங்கியதும் வெறும் தாள். ஓட்டப்பிடாரம் சந்தையில் அதைக் கொடுத்து ஒரு வெற்றிலைகூட வாங்க முடியாது.

தாத்தா ஏன் வைத்திருந்தார்? கேட்க ஆள் இல்லை. செலவழிக்க முடியாமல் போனதால்தான் அது எனக்குக் கிடைத்தது. ரெண்டு சதம் அக்கரையில் யார் கைக்குப் போனதோ!