‘டிக்... டிக்...’ சத்தம் கேட்டால் மகன் போன் வரும்! அடையாறு வீடுகளில் பழைய கம்ப்யூட்டர் ஸ்பீக்கர்கள் படும் பாடு

அடையாறு சாஸ்திரி நகரில் ஒரு பழைய மாடி வீடு. 70 வயதைத் தாண்டிய மாமி ஒருவர் அங்கே தனியாக இருக்கிறார். ஒரே மகன். அமெரிக்காவில் வேலை.

ஹாலில் ஒரு மேஜை. அதன் மேல் கம்ப்யூட்டர். இரண்டு பக்கமும் துவாரபாலகர் மாதிரி இரண்டு சின்ன ஸ்பீக்கர்கள். மேஜைக்கு அடியில் தரையில் ஒரு கறுப்பு மரப்பெட்டி. சப்-வூபர் என்று சொல்கிறார்களே, அதுதான். 2006-ம் ஆண்டு மகன் ரிச்சி தெருவில் வாங்கி, பஸ்சில் மடியில் வைத்துக்கொண்டு வந்தது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் கம்ப்யூட்டர் 3 முறை மாறிவிட்டது. ஸ்பீக்கர் மட்டும் மாறவில்லை.

அந்த ஸ்பீக்கர் சில வாரங்களுக்கு முன்பு “உர்ர்...” என்று உறும ஆரம்பித்தது. பாட்டு போட்டாலும் உறுமல். போடாவிட்டாலும் உறுமல். ஞாயிற்றுக்கிழமை காலையில் மகனும் பேரனும் வீடியோவில் வந்தால், பேரன் பேசுவது பாதி காதில் விழவில்லை. “தூக்கிப் போடுங்க மாமி, புதுசு வாங்கிக்கலாம்” என்று கீழ் வீட்டு வாலிபர் சொல்லிவிட்டார். மாமிக்கு மனசு வரவில்லை.

கொள்ளை, கொலை, குடிநீர்க் குழாய் உடைப்பு என்று அலையும் நமக்கு ஸ்பீக்கர் சமாசாரம் எதற்கு என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் இந்திரா நகர், கஸ்தூரிபாய் நகர், பெசன்ட் நகர் என்று விசாரித்துக்கொண்டே போனால் வீட்டுக்கு வீடு இதே கதை! அதன் விவரம் வருமாறு:-

வந்த கதை

1990-களில் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு ஸ்பீக்கர் என்பது தனிச் செலவு. உள்ளே சவுண்டு கார்டு ஒன்று போட வேண்டும். சிங்கப்பூர் கம்பெனியான கிரியேட்டிவ் 1989-ல் கொண்டுவந்த ‘சவுண்ட் பிளாஸ்டர்’ கார்டுதான் அதில் பேர் போனது. 1995-ல் ‘விண்டோஸ் 95’ வந்தது. கம்ப்யூட்டரைப் போட்டதும் ஓர் இசை கேட்குமே, அதை அமைத்தவர் பிரையன் ஈனோ என்ற இங்கிலாந்து இசைக் கலைஞர். அந்தச் சில நொடி இசையைக் கேட்கவே அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் வந்து நின்ற வீடுகள் அடையாறில் உண்டு.

அப்போது ஒரு வேடிக்கை. பெரிய குழாய் உள்ள பழைய மானிட்டருக்குப் பக்கத்தில் மலிவு ஸ்பீக்கரை வைத்தால், திரையின் மூலையில் ஊதா நிறத் திட்டு விழும். “மானிட்டர் போச்சே!” என்று அலறியவர்கள் பலர். உள்ளே இருக்கிற காந்தம் செய்த வேலை அது. நல்ல கம்பெனி ஸ்பீக்கரில் காந்தத்தைச் சுற்றிக் கவசம் இருக்கும். மலிவு சரக்கில் இருக்காது. தட்டை மானிட்டர் வந்ததும் அந்தத் தொல்லை ஒழிந்தது.

5 ஆயிரம் வாட்ஸ்!

எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. அண்ணன் 2008-ல் வாங்கியது. அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் “5000 வாட்ஸ்” என்று போட்டிருந்தது. பக்கத்தில் பொடி எழுத்தில் ‘பி.எம்.பி.ஓ.’. கடைக்காரர் அதைக் காட்டித்தான் விலையை ஏற்றினார். நாங்களும் தெருவில் பெருமை அடித்துக்கொண்டோம்.

சாதாரணக் கணக்கு போட்டுப் பார்த்தால் புளுகு தெரிந்துவிடும். துணி தேய்க்கிற பெட்டியே சுமார் ஆயிரம் வாட்ஸ்தான். வீட்டில் சாதாரண பிளக் 6 ஆம்பியர். 230 வோல்ட்டில் அது தாங்குவது 1,380 வாட்ஸ். 5 ஆயிரம் வாட்ஸ் ஓட 21 ஆம்பியருக்கு மேல் வேண்டும். பியூஸ் போய்த் தெருவே இருட்டாகி இருக்க வேண்டாமா? ஒரு நொடியில் ஒரு துளி நேரம் வரக்கூடிய உச்சத்தைக் கற்பனையாகக் கணக்கிட்டுப் போடும் நம்பர் அது. நிஜமான சக்தியைச் சொல்வது ‘ஆர்.எம்.எஸ்.’ என்று போட்டிருக்கும் எண். எங்கள் வீட்டு 5 ஆயிரத்தின் நிஜம் 20 வாட்ஸ்! அதுவே எங்கள் ஹாலுக்குப் போதும். இன்றைக்கும் பாடுகிறது. அதையும் சொல்லியாக வேண்டும்.

உறுமல் ஏன்?

அடையாறில் முன்பு டி.வி., ரேடியோ பழுது பார்க்கிற கடைகள் தெருவுக்குத் தெரு இருந்தன. இப்போது தேடித்தான் பிடிக்க வேண்டும். எல்.பி.ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், மாடிப்படிக்கு அடியில் ஒரு மெக்கானிக்கைப் பிடித்தோம். 30 வருடமாக ஈயம் உருக்குகிறவர். அவர் சொன்னது இது:-

பெட்டிக்குள் உருளை மாதிரி நிற்பது கண்டன்சர். கரண்டை அலை இல்லாமல் சீராக்குவது அதன் வேலை. அதற்குள் ஒரு திரவம் இருக்கிறது. வருடக்கணக்கில் சூட்டில் கிடந்தால் அது வற்றிவிடும். சில சமயம் தலைப்பக்கம் அப்பளம் மாதிரி உப்பிக்கொள்ளும். அப்புறம் கரண்டில் உள்ள அலை அப்படியே ஸ்பீக்கருக்குப் போகும். அதுதான் “உர்ர்...”. சூடு 10 டிகிரி குறைந்தால் கண்டன்சரின் ஆயுள் ஏறக்குறைய இரண்டு மடங்கு. சுவரை ஒட்டி, துணியைப் போட்டு மூடி, 24 மணி நேரமும் சுவிட்சை அணைக்காமல் வைத்தால் ஆயுள் பாதி.

“ஜனங்க முன்னாடி இருக்கிற குமிழைத் திருகி சத்தத்தைக் குறைச்சுட்டுப் போயிடறாங்க சார். உள்ளே டிரான்ஸ்பார்மர் ராத்திரி பூரா வெந்துகிட்டு இருக்கு. சுவத்து சுவிட்சை அணைக்கணும்” என்றார் அவர். சில செட்டுகளில் முன்பக்க சுவிட்சை அணைத்தாலும் டிரான்ஸ்பார்மருக்குக் கரண்டு போய்க்கொண்டுதான் இருக்கும் என்பதையும் திறந்து காட்டினார்.

திருகும்போது “கரகர” என்று கேட்டால் அது வேறு வியாதி. குமிழுக்கு அடியில் கரித் தடம் ஒன்று உண்டு. அதில் தூசி. எல்.பி.ரோட்டில் மெட்ரோ ரெயிலுக்குப் பள்ளம் தோண்டிய நாட்களில் இந்தக் கேஸ்தான் அதிகம் வந்ததாம். ஸ்பிரே அடித்து நாலு தடவை திருகினால் பாதி சரியாகிவிடும். தடமே தேய்ந்திருந்தால் புதுசு மாற்ற வேண்டும்.

ஆபத்து!

2012-ல் சென்னையில் தினமும் 2 மணி நேர மின்வெட்டு இருந்தது நினைவிருக்கும். அந்தச் சமயத்தில் பல ஸ்பீக்கர்கள் ஒரே நாளில் ஊமையாயின. டிரான்ஸ்பார்மருக்குள், கம்பிச் சுற்றோடு சுற்றாக, சின்ன பியூஸ் ஒன்று ஒளிந்திருக்கும். சூடு எல்லை மீறினால் அது அறுந்து உயிரைக் காப்பாற்றும். அறுந்ததும் செட்டு செத்தது போல் ஆகிவிடும்.

இதில்தான் விபரீதம் இருக்கிறது. சில அரைகுறை ஆசாமிகள் அந்தப் பியூசைப் பிடுங்கிவிட்டு, கம்பியை நேராக முறுக்கிக் கொடுத்துவிடுகிறார்கள். செட்டு பாடும். வீட்டுக்காரருக்கும் சந்தோஷம். அடுத்த தடவை சூடு ஏறினால் தடுக்க ஆள் இல்லை. மரப்பெட்டி, பக்கத்தில் திரைச்சீலை, வீட்டில் எல்லோரும் தூக்கத்தில். மேலே சொல்ல வேண்டியதில்லை. பழுது பார்த்து வாங்கும்போது “நேர் பண்ணிட்டீங்களா, பியூஸ் போட்டீங்களா?” என்று கேட்டு வாங்குவது நல்லது.

வெள்ளத்தில் ஊறியவை

2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் அடையாறு ஆறு கரை மீறியதே, கோட்டூர்புரத்தில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தபோது முதலில் முங்கியது சப்-வூபர்தான். அது தரையில் இருக்கிற சாமான் ஆயிற்றே! பெட்டி நிஜ மரம் அல்ல. மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. தண்ணீர் பட்டால் டீயில் போட்ட ரஸ்க் மாதிரி ஊதிவிடும். காய வைத்தாலும் பழைய உருவம் வராது.

மேஜை மேல் இருந்த சின்ன ஸ்பீக்கர்கள் தப்பின. கோட்டூர்புரத்தில் ஒரு வீட்டில் அந்த இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு இன்னமும் பாட்டு கேட்கிறார்கள். ஊறிய பெட்டியில் இருந்து சர்க்கியூட்டை உருவி, காய வைத்து, ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்திருக்கிறார் வீட்டுக்காரர். ஓய்வு பெற்ற அரசு ஊழியர். “கம்பீரம் போச்சு, குரல் இருக்கு” என்கிறார். 2023 டிசம்பரில் மிச்சாங் புயல் மழை கொட்டிய அன்று, மழை தொடங்கியதுமே அந்த டப்பாவைப் பரணில் ஏற்றிவிட்டாராம்.

ஈரம் பட்ட ஸ்பீக்கரை “ஓடுதா பார்ப்போம்” என்று உடனே பிளக்கில் செருகுவது உயிரோடு விளையாடுவது. பல செட்டுகளுக்கு இரண்டு முள் பிளக்தான். எர்த் கிடையாது.

பெசன்ட் நகரில் வெள்ளம் இல்லாமலே வேறு தொல்லை. கடல் காற்று. கம்ப்யூட்டரில் செருகுகிற முள் பச்சை பூத்துவிடுகிறது. ஒரு பக்கம் பாடும், ஒரு பக்கம் மௌனம். ஸ்பீக்கர் போய்விட்டது என்று நினைத்துக் காயலான் கடைக்குப் போட்டவர்கள் உண்டு. முள்ளைத் துடைத்திருந்தால் போதும்! கூம்பைச் சுற்றி இருக்கும் நுரை வளையமும் ஈரக் காற்றில் சில வருடத்தில் பொடிப் பொடியாக உதிர்ந்துவிடும். ரப்பர் வளையம் உள்ளது கூடுதலாக உழைக்கும்.

பக்கத்து வீட்டுச் சண்டை

சண்டை வரை போன கதையும் இருக்கிறது. இந்திரா நகரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. மேல் மாடிப் பையன் ராத்திரி 11 மணிக்குப் படம் பார்ப்பான். பேச்சு கேட்காது. “தும்... தும்...” மட்டும் கீழ் வீட்டுக் கூரையில் இறங்கும். கீழே இதய நோயாளி. ஒரு நாள் போலீஸ் வரை போய்விட்டது. கனத்த ஓசை சுவரோடும் தரையோடும் ஊர்ந்து போகும் சுபாவம் உடையது. தரையில், மூலையில் வைத்தால் இரண்டு பங்கு.

2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல்தான் அளவு. கேஸ் ஆகவில்லை. பையன் பெட்டிக்கு அடியில் தடித்த ரப்பர் மெத்தையைப் போட்டு, மூலையை விட்டு நகர்த்தினான். 10 மணிக்கு மேல் காதில் மாட்டிக்கொள்கிறான். இப்போது கீழ் வீட்டில் இருந்து தீபாவளிப் பலகாரம் போகிறதாம்.

மாமி வீட்டில்...

மெக்கானிக்கை அழைத்துக்கொண்டு சாஸ்திரி நகர் போனோம். பெட்டியைத் திறந்தார். சந்தேகப்பட்டபடியே இரண்டு கண்டன்சர்கள் உப்பிக்கொண்டு இருந்தன. கூடவே ஒரு பல்லி முட்டை ஓடும், 18 வருடத் தூசியும்! அரை மணி நேரத்தில் மாற்றினார். உறுமல் நின்றது.

மாமி முகத்தில் இன்னும் ஒரு குறை. “அந்த டிக் டிக் சத்தம் ஏம்பா வரலை? அது நின்னே ரொம்ப வருஷம் ஆச்சு” என்றார்.

என்ன சத்தம் என்று கேட்டோம். முன்பெல்லாம் மகன் போன் பண்ணினால், மணி அடிப்பதற்கு ஒரு நொடி முன்னாலேயே ஸ்பீக்கரில் “டிக்... டிடிக்... டிக்...” என்று கேட்குமாம். மாமி சமையல் அறையில் இருந்தாலும் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்துவிடுவாராம். 2018-ல் மகன் புது போன் வாங்கிக் கொடுத்தார். அதோடு அந்தச் சத்தம் போயிற்று. ஸ்பீக்கர் அப்போதே பாதி கெட்டுவிட்டது என்றுதான் மாமி இத்தனை நாளும் எண்ணிக்கொண்டு இருந்தார்.

மெக்கானிக் சிரித்தார். பழைய 2ஜி போன், டவரோடு பேசும்போது நொடிக்கு 217 தடவை விட்டு விட்டு அலையை அனுப்பும். ஸ்பீக்கர் வயர் ஏரியல் மாதிரி அதைப் பிடித்துவிடும். மணி அடிக்கும் முன்னாலேயே போனும் டவரும் பேசிக்கொள்வதால் சத்தம் முந்திக்கொள்ளும். 4ஜி போன் அந்த மாதிரி விட்டு விட்டு அனுப்புவதில்லை. அதனால் சத்தமும் இல்லை. ஸ்பீக்கர் மேல் பழி இல்லை.

மாமிக்குப் புரிந்ததோ என்னவோ, தலையை ஆட்டினார்.

மெக்கானிக் தன் சட்டைப் பையில் இருந்த பட்டன் போனை எடுத்து ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்தார். “சார், எனக்கு ஒரு ரிங் கொடுங்க” என்றார். கொடுத்தோம்.

“டிக்... டிடிக்... டிடிக்...”

அப்புறம்தான் மணி அடித்தது. மாமி ஒன்றும் சொல்லவில்லை. “காபி போடறேன், இருங்கோ” என்று உள்ளே போய்விட்டார்.

கூலி, சாமான் எல்லாம் சேர்த்து 250 ரூபாய். கழற்றிய பழைய கண்டன்சர் இரண்டையும் மெக்கானிக் மேஜை மேலேயே வைத்துவிட்டு வந்தார்.