பற்றவைத்த இடத்தில் குடியேறும் பாக்டீரியா

திண்டுக்கல் வட்டாரத்தில் அய்யலூர், வடமதுரை பக்கத்து போர்வெல்களில், தண்ணீரில் இரும்புச்சத்து இருந்தால், மேலே ஏற்றிய குழாயின் உள்ளே செங்கூழாக ஒரு படிவு விரலில் வழுக்கும். துரு என்று துடைத்துவிடுகிறோம். அதில் உயிரும் உண்டு. காலியோனெல்லா என்ற பாக்டீரியா கரைந்திருக்கும் இரும்பை ஆக்சைடாக்கி, அதில் வரும் ஆற்றலில் பிழைக்கிறது.

இரும்புக் குழாய் துருப்பிடிப்பது தெரிந்த கதை. எவர்சில்வர் குழாய், அதுவும் வெல்டிங் ஓரத்தில் பொத்தலாவதுதான் திகைப்பு. 304 ரக எவர்சில்வரில் சுமார் 18 சதவீதம் குரோமியம். அதன் ஆக்சைடு கண்ணுக்குத் தெரியாத படலமாக நின்று உலோகத்தைக் காக்கிறது. வெல்டிங் கோட்டின் இருபுறமும் வைக்கோல் மஞ்சளும் ஊதாவும் நீலமுமாக நிறம் ஏறுகிறதே, அங்கே அந்தக் காவல் கெட்டுவிட்டது. சூட்டில் குரோமியம் மேலே வந்து ஆக்சைடாகிவிட, அடியில் குரோமியம் குறைந்த அடுக்கு மிஞ்சுகிறது. வெல்டிங்கின் கரடுமுரடும் பாக்டீரியா ஒட்ட வசதி.

ஒட்டியவை பிசினைச் சுரந்து மேடு கட்டும். மேட்டுக்கு வெளியே ஆக்சிஜன், அடியில் இல்லை. இந்த வித்தியாசமே மின்கலமாகி, அடியிலுள்ள உலோகம் கரைகிறது. நீரிலுள்ள குளோரைடு உள்ளே இழுபட, குழிக்குள் அமிலம் ஏறும். திண்டுக்கல் வட்டாரத்தில் தோல் பதனிடும் கழிவால் நிலத்தடி நீரில் குளோரைடு கூடியிருப்பதை ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. காற்றில்லாத அடித்தட்டில் இன்னொரு பாக்டீரியாக் கூட்டம் சல்ஃபேட்டை ஹைட்ரஜன் சல்ஃபைடாக்கும். இவை இரும்பை அரிக்கும் விதத்தை 1934-இல் டச்சு விஞ்ஞானிகள் இருவர் விளக்கினார்கள். மாங்கனீசை ஆக்சைடாக்கும் பாக்டீரியாவும் எவர்சில்வருக்கு எதிரி. தூத்துக்குடித் துறைமுக நீரில் அவற்றை ஆராய்ந்தவர்கள், 1953-இல் திறக்கப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தார்.

வெளியே தெரிவது ஊசிமுனைத் துளைதான். அறுத்துப் பார்த்தால், வாய் குறுகி வயிறு பெருத்த பானையாக உள்ளே குடைந்திருக்கும்.

புதுக் குழாயில் போர் தண்ணீரை நிரப்பி அழுத்தச் சோதனை பார்ப்பார்கள். கசிவில்லை என்றதும் தண்ணீரை அப்படியே விட்டுப் போவதுதான் பெரிய தவறு. தேங்கிய நீரில் சில மாதங்களிலேயே குழாய் பொத்தலான சம்பவங்கள் உலகெங்கும் உண்டு. சோதனை முடிந்த கையோடு நீரை முழுக்க வடித்துக் காயவிட வேண்டும். வெல்டிங் நிறத்தைப் பிக்லிங் பேஸ்ட் பூசி எடுத்துக் கழுவ வேண்டும். அதில் நைட்ரிக், ஹைட்ரோஃபுளோரிக் அமிலங்கள் இருப்பதால், உரிய கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் யாரையும் தொடவிடக் கூடாது.